துவைக்கக் கேட்ட சட்டை

"இந்தச் சட்டதிட்டமெல்லாம் ஆளைக் கொன்னுடும்மா," என்றார் திருமேனி மேஸ்திரி.

உமையாள் அம்மா பழைய வேட்டிகளை மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

குரு என்றால் தாடியும் கமண்டலமும் இருக்கும் என்று தேடி வருகிறவர்கள் அந்த மடத்தின் வாசலிலேயே ஏமாந்துபோவார்கள். அம்மாவுக்கு முப்பத்தெட்டு வயது. மேஸ்திரிக்கு ஐம்பத்தொன்பது. ஆறு வருடமாக மேஸ்திரிதான் சீடர், அம்மாதான் குரு. இதில் இருவருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை. பார்ப்பவர்களுக்குத்தான் இருந்தது.

மடத்தின் அன்னதானக் கூடத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நாற்பது வருட வெயிலில் அது மாவாக உதிர ஆரம்பித்திருந்தது. அதைக் கழற்றிவிட்டுத் தகரம் போட வேண்டும். கட்டடம் இடிப்பதுதான் மேஸ்திரியின் தொழில். நான் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று தானே வந்து வேலையை எடுத்துக்கொண்டார்.

அவர் படியில் உட்கார்ந்தார். முழங்கால் சத்தம் போட்டது.

"எண்பத்திநாலு ஷீட்டும்மா. சுத்தியலால நாலு போடு போட்டா ஒரே காலையில தரையில கிடக்கும். முப்பது வருஷமா அப்படித்தான் பண்ணேன். இப்ப கவர்மெண்ட் ஆபீசர் ஒரு பேப்பரைக் குடுத்துட்டுப் போயிருக்காரு. உடைக்கக் கூடாதாம். தண்ணி அடிச்சு நனைக்கணுமாம். துருப்புடிச்ச போல்ட்டை ஒண்ணொண்ணாக் கழட்டணுமாம். கயிறு கட்டி, கொழந்தையை எறக்கற மாதிரி எறக்கணுமாம். அப்புறம் ரெண்டு சுத்து பிளாஸ்டிக் தாள்ல பொதியணுமாம். ரூல் போட்டவன் ஒரு நாள் மேல ஏறிப் பாக்கணும்."

"ஆபீசர் ஏறலையா?"

"கீழயே நின்னுட்டாரு."

"நீங்க அதுல போட்டபடி செய்யறீங்களா?"

"செய்யறேன். நாலு நாள்ல பத்தொம்போது ஷீட்டு. நனைச்ச ஷீட்டு கையில நிக்காம வழுக்குது. மூஞ்சி மூடியைப் போட்டா மூச்சு முட்டுது. மூச்சைக் கவனி, மூச்சைக் கவனின்னு நீங்க ஆறு வருஷமாச் சொன்னீங்க. நான் கவனிச்சது இந்த நாலு நாள்தான்."

அம்மா லேசாகச் சிரித்தார். அதற்குமேல் சிரிக்க அவருக்கும் தெம்பில்லை. குருபூஜைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. காலையிலிருந்து மூன்று பேர் வந்து, கூடம் எப்போது தயாராகும் என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தது.

"களைச்சுப் போச்சும்மா," என்றார் மேஸ்திரி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு ஆபீசர் வர மாட்டாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா மத்தியானத்துக்குள்ள உடைச்சு முடிச்சுடறேன். வீட்டுக்குப் போயி செண்பகம் பக்கத்துல இருப்பேன்."

செண்பகம் அவருடைய ஒரே மகள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு பெண்பிள்ளை இல்லை. அவளுடைய அம்மா இரண்டு வருடத்துக்கு முன்பு மூச்சுத் திணறித் திணறியே போய்ச் சேர்ந்தாள். டாக்டர்கள் என்னென்னவோ எழுதிக் கொடுத்தார்கள். எதற்கும் கேட்கவில்லை.

"எப்படி இருக்கா?" என்று கேட்டார் அம்மா.

"எட்டாம் மாசம். சும்மா உக்காருன்னா உக்கார மாட்டேங்கறா. சமையல், துணி, பாத்திரம், எல்லாம் அவதான்."

அம்மா அடுத்த வேட்டியை எடுத்தார்.

"பேப்பர்ல வேற என்ன போட்டிருக்கு?"

"கடைசியில ஒண்ணு இருக்கு. அது நமக்கு ஒத்து வராதும்மா. வேலை முடிஞ்சதும் இங்கேயே குளிச்சு, துணி மாத்திட்டுத்தான் போகணுமாம். போட்ட துணி வீட்டுக்குப் போகக் கூடாதாம். சாமிக்குத் தண்ணி எடுக்கற குழாயடியில போயி இந்த அழுக்கைக் கழுவுவேனா நான்? கூட வேலை செய்யற பசங்ககிட்டக் கண்டிச்சுச் சொல்லிட்டேன். மடத்துல ஒரு தூசு விழக் கூடாது, எல்லாத்தையும் மேலோட வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடணும்னு."

சொல்லும்போது அவர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. வேறு எதில் தோற்றாலும் இதில் குருவுக்குக் குறை வைக்கவில்லை என்ற பெருமை.

அம்மா ஐந்தாவது வேட்டியை மடித்து அடுக்கின் மேல் வைத்தார்.

"சரி, உடைங்க," என்றார்.

மேஸ்திரியால் நம்ப முடியவில்லை. "நெசமாவா?"

"நெசமாத்தான். ஆனா எனக்கு ஒண்ணு வேணும்."

"கேளுங்கம்மா."

"உங்க சட்டையைக் கழட்டிக் குடுங்க. இன்னைக்கு நான் துவைக்கிறேன்."

மேஸ்திரி எழுந்தே விட்டார்.

"என்னம்மா பேச்சு இது! குரு சீடன் சட்டையைத் துவைக்கறதா?"

"போன குருபூஜையில எழுநூறு எச்சில் இலையை நீங்க எடுத்தீங்க. நான் ஒரு சட்டை துவைக்கக் கூடாதா?"

"அது வேறம்மா."

"குடுங்க."

அம்மா கையை நீட்டினார். மேஸ்திரி ஒரு படி கீழே இறங்கி, சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. மரியாதைக்காகச் சொல்லல. இதுல இருக்கற தூசு நல்லதில்ல."

"தூசுதானே. நல்லா உதறிட்டு ஊற வைக்கிறேன்."

"ஐயோ, உதறவே கூடாது!" மேஸ்திரி பதறினார். "இது சாதாரணத் தூசு இல்லம்மா. அந்தக் கூரையில இருக்கற கல்நாரு. கண்ணுக்கே தெரியாது. உள்ள போனா முள்ளு மாதிரி குத்தி உக்காந்துக்கும், வெளியவே வராது. இருபது, முப்பது வருஷம் கழிச்சுத்தான் வேலையைக் காட்டுமாம். ஆபீசர் படமெல்லாம் காட்டினாரு. நான் கெழவன், என்னை விடுங்க. நீங்க சின்ன வயசு. இதை உங்க கையில குடுத்துட்டு நான் எப்படி நிம்மதியாத் தூங்குவேன்?"

அம்மா நீட்டிய கையை மடக்கவில்லை.

"செண்பகத்துக்கு என்ன வயசு, மேஸ்திரி?"

மேஸ்திரி குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

நேற்று சாயங்காலம் அவள் வாசலில் நின்று, மேல்மூச்சு வாங்க, இதே சட்டையைப் படீர் படீரென்று உதறினாள். முந்தாநாளும் உதறினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"இருபத்தி மூணு," என்றார்.

பிறகு யாரும் கேட்காமலே, "முன்னாடியெல்லாம் அவ அம்மாதான் துவைப்பா," என்றார். "இருபத்தாறு வருஷம்."

அம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். ஐந்து வேட்டிகளையும் எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வாசலில் குட்டியானை மினி லாரி உறுமியது. வேலையாட்கள் நாலு பேரும் பின்னால் ஏறியாகிவிட்டது. ஒருவன் குரல் கொடுத்தான்.

"மேஸ்திரி, போலாமா?"

மேஸ்திரி வேட்டிகளைத் தொடவில்லை. தொடக்கூடாது என்று அவருக்கு இப்போது தெரிந்திருந்தது. கைகளை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு குழாயடியைப் பார்த்து நடந்தார்.

"வண்டியை அணைச்சுட்டு எறங்குங்கடா," என்றார். "குளிச்சுட்டுப் போலாம்."