காக்கைக் கள்ளனும் எலிக் கள்ளனும்

அந்தக் காலத்தில், எறும்பு பேசுவது காக்கைக்கும் காக்கை பேசுவது எலிக்கும் புரிந்த காலத்தில், இலுப்பை மரப் பொந்தில் ஒரு வங்கி இருந்தது. பணம் ஏது? கம்பும் சோளமும்தான். மழைக்காலத்துக்கென்று எல்லா உயிர்களும் அங்கே போட்டு வைக்கும். காவல் பூவாத்தாள் என்கிற எறும்பு. கதவைச் சாத்தினோமா, சாத்தினோமா என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை போய்ப் பார்க்கிறவள்.

அப்படிப்பட்டவள் ஒரு காலையில் போய்ப் பார்த்தால், பொந்து துடைத்துவிட்டது போலக் கிடந்தது. அடியில் ஒரு ஓட்டை. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பூவாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, மழை பிடிச்சுட்டா குஞ்சுகுளுவானெல்லாம் எதைத் தின்னும்? என் தலையைத்தானே உருட்டுவாங்க!"

திருடியது இரண்டு பேர். எலி வளையான் அடியில் தோண்டியது. காக்கை கருத்தான் அள்ளிக்கொண்டு பறந்தது. ஆளுக்குப் பாதி. பிரியும்போது எலி சொன்னது: "மாப்ளே, வாயை மூடிக்கிட்டுத் தின்னு. அது போதும்."

"எனக்குத் தெரியாதா மாமா?"

காக்கை தன் பங்கைப் பாறைமேல் குவித்து, ஒரு சோளத்தைக் கொத்தியது. தொண்டையில் இறங்கவில்லை. பிறந்ததிலிருந்து தனியாகத் தின்று பழக்கமே இல்லையே! ஒரே ஒரு தடவை, மெதுவாக என்று நினைத்து, "கா" என்றது.

மெதுவாகவா வந்தது! சித்தப்பன், பெரியப்பன், கொழுந்தியாள், அவள் பிள்ளைகள் என்று பாறையே கறுத்துப்போனது. சத்தம் கேட்டுப் பூவாத்தாளும் ஓடி வந்தாள்.

"அடேய் திருட்டுப் பயலே!"

"வாங்க அத்தை, நீங்களும் சாப்பிடுங்க" என்றது காக்கை, பழக்க தோஷத்தில்.

பூவாத்தாளுக்கு அந்தக் கவலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "மீதி எங்கேடா?"

காக்கை எலி வளையைக் காட்டியது. வாசலில் மண் பூசியிருந்தது. "பத்து நாளாக் காய்ச்சல். படுத்த படுக்கை" என்று உள்ளேயிருந்து முனகல் வந்தது. உள்ளே ஏழெட்டுக் கிளை வளை. எதில் என்று தேடுவது?

திருட்டுச் சோளத்தையா தின்றோம் என்று வெட்கிப்போன காக்கைக் கூட்டம் காடுகரையெல்லாம் சிந்திக் கிடந்ததைப் பொறுக்கி, வாய்க்கு ஒரு மணியாகக் கொண்டுவந்து பொந்தை நிரப்பியது. கடைசி மணி விழவும் முதல் தூறல் விழுந்தது. பூவாத்தாள் நிம்மதியாக மூச்சு விட்டாள். விட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கதவை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

அன்று முதல்தான் வங்கியில் கொள்ளையடிக்கிறவர்களும் இரண்டு வகையானார்கள். காக்கை வழி வந்தவர்கள் சொந்தபந்தத்தைக் கூட்டிக் கறிவிருந்து போட்டு, கை கழுவுமுன் அகப்பட்டுக்கொள்கிறார்கள். எலி வழி வந்தவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். தப்பித்து, இன்றைக்கும் இருட்டு வளைக்குள் தன்னந்தனியாகத் தின்றுகொண்டிருக்கிறார்கள், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று சொல்ல ஆளில்லாமல்.