பதினேழாவது வரி

"சாமி, அவுக என்ன சொன்னாக?"

வந்ததும் வராததுமாகச் சங்கரவடிவு கேட்டது இதைத்தான். கும்பிடக்கூட இல்லை.

ஆத்தங்கரைச் சாமி முற்றத்தில் உட்கார்ந்து முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சாமியாருக்கு உண்டான சடையோ தாடியோ கிடையாது. வயதும் நாற்பதைத் தாண்டாது. சங்கரவடிவுக்கு அறுபது. இந்தச் சின்ன வயசுக்காரரிடம் போய் நிற்பதா என்று வெகுநாள் யோசித்தவள்தான். வேறு போக்கிடமில்லாமல் மகள் கோமுவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

"யாரும்மா?" என்றார் சாமி.

"எங்க வீட்டுக்காரரு."

உட்கார்ந்து சொன்னாள். 'நமசிவாய' என்று கோடி தடவை எழுதுவதாக நேர்ந்துகொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷமாக எழுதுகிறாள். கோடி இந்த ஜென்மத்தில் முடியுமா என்பது வேறு விஷயம், எழுத உட்கார்ந்துவிட்டால் பேச்சுக் கிடையாது, திரும்பிப் பார்ப்பது கிடையாது. வீடும் அதற்குப் பழகிப்போயிருந்தது.

போன மாசியில் ஒருநாள் காலையில் எழுதிக்கொண்டிருந்தபோது, புருஷன் பிச்சையா பின்னால் வந்து நின்று ஏதோ சொன்னார்.

குரல் காதில் விழுந்தது. வார்த்தை விழவில்லை.

பக்கத்தை முடித்துவிட்டுக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால், மனுஷன் ஈஸிசேரில் சாய்ந்தபடியே போய்ச் சேர்ந்திருந்தார்.

அன்றையிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்த மனுஷனின் கடைசிப் பேச்சு. ஒரு ஜோசியர், உங்களிடம் மன்னிப்புக் கேட்டார் என்றார். பிச்சையா அப்படியெல்லாம் கேட்கிற ஆளே இல்லை. குறி சொல்கிறவள் ஒருத்தி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்றார் என்றாள். பிள்ளைகளுக்கே தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது, இனி என்னத்தைப் பார்க்க.

சாமி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப எந்த இடத்துல எழுதிக்கிட்டிருந்தீங்கன்னு ஞாபகம் இருக்காம்மா?"

"நூத்திப் பதினாலாவது நோட்டு. நாப்பத்திரெண்டாம் பக்கம், பதினேழாவது வரி."

யோசிக்கவே இல்லை, கேட்ட மாத்திரத்தில் வந்துவிட்டது.

சாமி ஒரு கீரைத்தண்டை ஒடித்துப் போட்டார்.

"நீங்க கண்ண மூடிப் பாத்து, அவுக என்ன சொன்னாகன்னு சொல்லணும்" என்றாள்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் அங்க இல்லையே. நீங்கதான இருந்தீங்க."

சங்கரவடிவுக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. இதைக் கேட்கவா இரண்டு பஸ் மாறி, வெயிலில் ஒரு மைல் நடந்து வந்தோம் என்றிருந்தது. பெரிய சாமி.

பக்கத்திலிருந்த கோமு ஏதோ சொன்னாள்.

"சும்மா இருட்டி. பேசிக்கிட்டிருக்கம்லா."

கோமு வாயை மூடிக்கொண்டாள்.

"நீங்க சொல்லாம நான் எந்திரிக்க மாட்டேன் சாமி."

"சரி, சொல்லுதேன். அதுக்கு முன்னால நீங்க ஒண்ணு சொல்லுங்க."

"கேளுங்க."

"இப்ப உங்க மக என்ன சொன்னா?"

சங்கரவடிவு யோசித்துப் பார்த்தாள். கோமு பேசியது நிச்சயம். சத்தம்கூட இன்னும் காதில் இருந்தது. என்ன பேசினாள் என்றுதான் தெரியவில்லை.

"நானும் அங்க இல்ல, சாமி" என்றாள்.

அவள் சாமிக்கு முதுகைக் காட்டி, மகளுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தாள். ஒரு வருஷமாகத் தன் குடும்பத்தை விட்டுவிட்டு, போகிற இடமெல்லாம் கூடவே அலைகிற பெண். கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது. அது எப்போது வந்ததென்று சங்கரவடிவுக்குத் தெரியாது.

"என்னட்டி சொன்ன?"

"ஒண்ணுமில்லம்மா."

"இல்ல, சொல்லு. கேக்கேன்."

கோமு சாமியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"உனக்கு வேர்த்து ஊத்துதே, விசிறட்டுமான்னு கேட்டேன்."

"விசிறு" என்றாள் சங்கரவடிவு. அதற்குள் அழுதுவிட்டாள்.