முயல் மறைத்த ஊர்

ஒரு காட்டில், மூங்கில் புதரடியில் ஒரு முயல் குடியிருந்தது. கேட்டவர்களிடமெல்லாம், "நான் ஆற்றங்கரைப் பக்கம் பிறந்தவள்" என்று சொல்லிக்கொள்ளும். அது பொய். காடு முடிகிற இடத்தில், செம்மண்ணும் சூரைமுள்ளுமாகக் கிடக்கிற பொட்டலில்தான் அது பிறந்தது.

பொட்டல் என்றால் அந்தக் காட்டில் எதுவும் முளைக்காத இடம் என்று பொருள். எதுவும் தெரியாதவன் என்றும் பொருள். யாராவது வழி தவறினால், தண்ணீரைச் சிந்திக் குடித்தால், "சரியான பொட்டல்" என்று மந்தி கேலி செய்யும். எல்லோரும் சிரிப்பார்கள். முயலும் சேர்ந்து சிரிக்கும். அப்போது அதன் காதுகள் இரண்டும் சூடாகிவிடும்.

ஒருநாள் காலையில், கால்களில் செம்மண் ஒட்டியிருக்க, ஒரு கௌதாரி மூச்சிரைக்க ஓடி வந்தது. பொட்டலில் முயலுக்கு அடுத்த புதரில் வாழ்ந்த கௌதாரி அது.

"தங்கச்சி, செந்நாய்கள் இந்தப் பக்கம்தான் வருகின்றன. நம் சூரைப் புதருக்குள் அவற்றால் நுழைய முடியாது. எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா" என்றது.

பக்கத்தில் குட்டியோடு நின்ற சருகுமான் முயலைப் பார்த்தது. "அக்கா, உங்களுக்குத் தெரிந்தவரா? இவரை நம்பிப் போகலாமா?"

கிளையிலிருந்து மந்தி சொன்னது: "நிழலே இல்லாத ஊரில் ஒளிய இடம் தருகிறாராம். முதலில் காலைக் கழுவச் சொல்லுங்கள். அதுசரி, முயலம்மா, தங்கச்சி என்கிறாரே, சொந்தமா?"

முயல் தலையைக் குனிந்துகொண்டது.

"எனக்கு இவரைத் தெரியாது. வேறு யாரையோ நினைத்துப் பேசுகிறார்."

கௌதாரி பொட்டலை நோக்கித் திரும்பி நடந்தது. அதை நம்பிச் சருகுமான் போகவில்லை.

வெயில் ஏறுவதற்குள் செந்நாய்களின் சீழ்க்கை கேட்டது. மந்தி உச்சிக்கிளைக்குத் தாவிவிட்டது. சருகுமானாலும் குட்டியாலும் மரம் ஏற முடியுமா?

"என் பின்னால் வாருங்கள்" என்று முயல் ஓடியது.

பொட்டலை அடைந்ததும் ஒரு சூரைப் புதரின் அடியில் நின்றது. "வயிறு தரையில் உரசட்டும். தலையைத் தூக்காதீர்கள். நுழைந்ததும் இடப்பக்கம் திரும்புங்கள்" என்றது. குட்டி நுழைந்துவிட்டது. கடைசியாக நுழைந்த தாயின் பின்னங்காலை ஒரு செந்நாய் கவ்வியது. உதறிக்கொண்டு தாய் உள்ளே வந்து விழுந்தபோது கால் தொங்கியது.

மூக்கெல்லாம் முள் குத்த, நாய்கள் வெளியே முனகிவிட்டுக் கலைந்தன.

வெகுநேரம் கழித்துச் சருகுமான் கேட்டது: "இந்த வாசல் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் பிறந்த வீடு."

"அப்படியென்றால், காலையில் வந்தவர்?"

"அடுத்த புதர். சிறுவயதில் எனக்கு இரை தேடக் கற்றுக்கொடுத்தவர்."

சருகுமான் தன் காயத்தை நக்கிக்கொண்டது. பிறகு, முயலருகே படுத்திருந்த குட்டியை மெல்ல இழுத்துத் தன் மறுபக்கத்தில் கிடத்திக்கொண்டது.

நீதி: பிறந்த மண்ணைச் சொல்ல வெட்கப்படுபவர், தம்மை நம்பியவரையும் ஆபத்தில் விட்டுவிடுவார்.