மரப்பங்கு வாங்கிய மான்

அல்லிக்குளத்துக் காட்டில் துள்ளான் என்றொரு புள்ளிமான் இருந்தான். பந்து அவன் காலுக்கு வந்துவிட்டால் கோல்தான்! எதிரணிக் காட்டெருமையே வழி விட்டு ஒதுங்கி நிற்கும்.

குளத்தங்கரைப் புல்வெளிதான் ஆடுகளம். இந்தப் பக்கம் இரண்டு புற்று, அந்தப் பக்கம் இரண்டு புற்று. நடுவில் பந்து புகுந்தால் கோல். காய்ந்த சுரைக்காயைக் கொடியால் இறுகச் சுற்றினால் பந்து. முள்ளம்பன்றிக்கும் ஆட ஆசைதான். ஒரே ஒரு நாள் கோல் காக்க விட்டார்கள். பந்து அதன் முதுகிலேயே குத்திக்கொண்டு நின்றுவிட்டது. அதோடு சரி!

களத்து ஓரத்தில் ஒரு பெரிய மருத மரம். அதன் அடியில் ஒரு பொந்து. ஆட்டம் முடிந்ததும் அணித் தலைவர் கரடியார் அந்தப் பொந்துக்குள் கையை விடுவார். வரகு வரும், கம்பு வரும், இலந்தை வற்றல் வரும். எடுத்து எல்லாருக்கும் பங்கு போடுவார். இதற்கு ‘மரப்பங்கு’ என்று பெயர். யார் வைத்த பெயரோ! அந்தப் பெயர்தான் பின்னால் இத்தனை பாடு படுத்தியது.

துள்ளானுக்குப் பெரிய குவியல். கோல் போடுகிறவன் அல்லவா? களத்து ஓரமாக ஓடி ஓடிப் பந்து கொடுக்கும் அணில் சின்னிக்கு ஒரு கைப்பிடி. புல்லைக் கடித்துக் கடித்துச் சமமாக வைத்திருக்கும் ஆமைக்கு இரண்டு வாய். யாரும் முணுமுணுக்கவில்லை. எல்லார் வயிறும் நிறைந்தது.

துள்ளானுக்கு ஒரு பழக்கம். மனசில் ஒரு கேள்வி விழுந்துவிட்டால் அவனுக்குப் புல் இறங்காது. வானவில் எங்கே முடிகிறது என்று பார்க்கப் போய், சேற்றில் மாட்டிக்கொண்டு வந்தவன் அவன். ஆனால் பாருங்கள், தின்கிற பங்கு எங்கிருந்து வருகிறது என்று மட்டும் அவன் கேட்டதே இல்லை. பெயரிலேயே பதில் இருக்கிறதே! மரம் தருகிறது, மான் தின்கிறது. அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில் காட்டுக்குள் ஓர் இருமல் நோய் வந்தது.

முதலில் ஒரு குரங்கு இருமியது. அடுத்து அதன் பக்கத்துக் கிளை இருமியது. அப்புறம் காடே இருமியது! சிலர் எழுந்திருக்கவே இல்லை. யானைத் தலைவர் ஆணை போட்டார்.

“யாரும் கூட்டம் கூடக் கூடாது! அவரவர் கூட்டில், அவரவர் புதரில் இருங்கள்! பேசுவதானால் ஒரு வாய்க்கால் தூரம் தள்ளி நின்று பேசுங்கள்!”

பந்தாட்டம் நின்றது. குளத்தங்கரை வெறிச்சோடிப் போனது. ஆனாலும் துள்ளான் நாள் தவறாமல் மரத்தடிக்கு வந்து பங்கு வாங்கிப் போனான். வாங்கியதைத் தன் புதரில் சேர்த்து வைத்தான். கரடியாரும் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் அவர் பொந்துக்குள் கையை விட்டுத் துழாவினார். நகம் மரத்தில் கீறியது; அடியில் கொஞ்சம்தான் மிச்சம்.

அணியைக் கூப்பிட்டார். ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள்.

“பிள்ளைகளா, பொந்து காலியாகப் போகுது. இனிமேல் பெரிய பங்குக்காரங்க பாதி வாங்கிக்கணும். அப்பத்தான் சின்னப் பங்குக்காரங்க எல்லாரும் நம்மோட இருக்க முடியும். இல்லேன்னா சின்னியையும் ஆமையையும் அனுப்பறதைத் தவிர எனக்கு வேற வழி தெரியல.”

துள்ளானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“என்ன பேச்சு இது? மரம் என்ன பட்டுப்போச்சா? அண்ணாந்து பாருங்க! இலை பச்சைப்பசேல்னு இருக்கு! மரம் நல்லா இருக்கும்போது பங்கு மட்டும் எப்படிக் குறையும்?”

கரடியார் வாயைப் பிளந்தார். இவன் கிண்டல் செய்கிறானா, நிஜமாகவே கேட்கிறானா என்று அவருக்குப் புரியவில்லை.

சின்னி மெல்ல வாலை ஆட்டினாள். “அண்ணே, அது வந்து… மரத்துக்கு மேல…”

“நீ சும்மா இரு! கைப்பிடி வாங்கறவளுக்கு என்ன தெரியும்? பேசினது பேசினதுதான். என் பங்கு எனக்கு முழுசா வரணும். யாரை வெச்சுக்கிறது, யாரை அனுப்பறதுங்கிறது உங்க கவலை!”

சொல்லிவிட்டுத் துள்ளான் விறுவிறுவென்று போய்விட்டான். ஆமை கழுத்தை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. பாவம், அது வேறு என்ன செய்யும்?

அன்று மாலையே துள்ளானின் புதருக்கு ஒரு நரி வந்தது. பெயர் நயவன். ஆட்டக்காரர்களை இந்த அணியிலிருந்து அந்த அணிக்கு மாற்றிவிடும் தரகன். நாக்கில் தேன் தடவிய பேச்சு.

“என்ன தம்பி, முகம் வாடிக் கிடக்கு? கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன்! உன்னைப் போய்ப் பாதிப் பங்குக்கு ஆடச் சொன்னாங்களாமே! மலைக்காட்டு அணியில உனக்கு இரட்டைப் பங்கு பேசிட்டேன்!”

“இரட்டையா?”

“இரட்டை! அங்க பொந்து நிரம்பி வழியுது. நாளைக்கே கிளம்பு. ஆனா என் தரகை மட்டும் இப்பவே குடுத்துடு. நாலு எடத்துக்கு அலையறவன் பாரு.”

துள்ளான் தான் சேர்த்து வைத்த குவியலில் பாதியை எடுத்துக் கொடுத்தான். நரி அதைத் தாமரை இலையில் கட்டிக்கொண்டு நடையைக் கட்டியது.

பொழுது விடிந்ததும் துள்ளான் கிளம்பினான். மருத மரத்தைத் தாண்டும்போது கால் நின்றது. அவன் மனசில் ஒரு கேள்வி விழுந்துவிட்டது.

‘மலைக்காட்டு மரம் தருது. நம்ம மரம் தரல. ஒரே மழை, ஒரே வெயில். அப்புறம் ஏன்?’

சனியன் பிடித்த கேள்வி! ஓர் அடி எடுத்து வைக்க விடவில்லை. கரடியார் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாரா? பார்த்துவிடுவது என்று முடிவு செய்தான். மரத்தை ஒட்டி ஒரு பாறை உண்டு. ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் பாறை அது. துள்ளான் ஒருநாளும் அதில் ஏறியதில்லை. ஆடுகிறவன் எப்படிப் பார்க்கப் போவான்?

ஏறினான். ஏறிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். மரத்தின் மேலேயும் ஒரு பொந்து!

அதன் விளிம்பில் ஒரு கொண்டைக்குருவி உட்கார்ந்திருந்தது. அலகில் ஓர் இலந்தைப் பழம். அதைப் பொந்துக்குள் போட்டது. பழம் டொக் டொக்கென்று மோதிக்கொண்டே கீழே போய் விழுந்தது.

“ஏய்! அங்க என்ன பண்றே?”

குருவி திடுக்கிட்டது. “கிட்ட வராதே! ஒரு வாய்க்கால் தூரம்! ஆமா, நீ துள்ளான்தானே? உன்னை இவ்வளவு பக்கத்தில பாத்ததே இல்ல!”

“பழத்தை ஏன் உள்ளே போடுறே?”

“இதென்ன கேள்வி? ஆட்டம் பாக்க வர்றவங்க ஆளுக்கு ஒண்ணு போடணும்ல? அணில், குரங்கு, கிளி, காட்டுப்பூனை, எல்லாரும் போட்டுட்டுத்தான் உக்காருவோம். நீ கோல் போட்டா அந்தச் சந்தோஷத்தில இன்னொண்ணு போடுவோம்!”

துள்ளானுக்குத் தலை சுற்றியது. “அப்போ மரம் தரலையா?”

“மருத மரத்தில வரகு காய்க்குமா? நல்லாத்தான் இருக்கு உன் பேச்சு!” குருவி கொண்டையை ஆட்டிச் சிரித்தது.

“இப்பத்தான் ஆட்டமே இல்லையே. நீ ஏன் போடுறே?”

குருவிக்குக் குரல் கொஞ்சம் இறங்கியது. “அந்தக் கிளை என் இடம். எங்க வீட்டுக்காரரும் நானும் அங்கதான் உக்காருவோம். அவர் இருமல்ல போயிட்டார். இடத்தை விட்டுடக் கூடாதுன்னுதான் கிடைச்சதைக் கொண்டு வந்து போடறேன். பாக்க முடியலைன்னாக்கூடப் பரவாயில்ல. ஆட்டம் எப்படிப் போச்சுன்னு யாராவது சொன்னாலே எனக்குப் போதும்.”

துள்ளான் அந்தக் கிளையையே பார்த்தான். இத்தனை நாள் தான் தின்ற ஒவ்வொரு வாயும் இப்படி யாரோ ஒருவரின் அலகிலிருந்து வந்ததா?

“மலைக்காட்டில மட்டும் பொந்து நிரம்பி வழியுதாமே. அது எப்படி?”

“அங்க மட்டும் இருமல் போகாதா? அதுக்கு எல்லை தெரியுமா என்ன?” என்றது குருவி.

அதானே! துள்ளான் மலைக்காட்டுப் பக்கம் ஓடினான். இப்போது இரட்டைப் பங்குக்காக ஓடவில்லை. உண்மை எது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று ஓடினான்.

எல்லை ஓடையின் எதிர்க்கரையில் ஒரு காட்டுப்பன்றி மூச்சிரைக்க வந்து நின்றது. மலைக்காட்டு அணியில் கோல் போடுகிற கோரையன்!

“துள்ளானா? எங்க இந்தப் பக்கம்?” என்றான் கோரையன்.

“மலைக்காட்டுக்குத்தான். நீ?”

“அல்லிக்குளத்துக்கு. உன் இடத்துக்கு ஆடப் போறேன்!”

“என் இடத்துக்கா? உன் இடத்துக்குத்தான் என்னைப் பேசியிருக்காங்க!”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“நயவன் வந்தானா?” என்றான் துள்ளான்.

“வந்தான். உங்க காட்டில பொந்து நிரம்பி வழியுது, இரட்டைப் பங்குன்னான்.”

“எங்க பொந்து காலி!”

“எங்க பொந்தில சிலந்தி வலை பின்னியிருக்கு!”

துள்ளானுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. “தரகு குடுத்தியா? நான் பாதிக் குவியல் குடுத்தேன்.”

கோரையன் தலையைத் தொங்கப் போட்டான். “நான் முழுசும் குடுத்துட்டேன்.”

கரைக்கு ஒருவராக, ஓடையோரத்தில் இருந்த நரியின் குகைவரை நடந்தார்கள். குகை காலி. காய்ந்த தாமரை இலை மட்டும் கிடந்தது. நயவன் எந்தக் காட்டுக்குப் போனானோ, யார் கண்டது? தரகு போனது போனதுதான். கதையில்கூட அது திரும்பி வரவில்லை.

துள்ளான் அல்லிக்குளத்துக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆடுகளத்தைப் பார்த்ததும் அவனுக்கு நெஞ்சு பகீரென்றது. ஆமையும் சின்னியும் காட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்!

காலையிலேயே கரடியார் இருவரையும் அனுப்பிவிட்டார். ஆனால் ஆமை இன்னும் களத்தின் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

“நில்லுங்க! நில்லுங்க!” என்று கத்தினான் துள்ளான்.

“நான் நடந்தாலும் நிக்கிற மாதிரிதான் இருக்கு. இதுல நில்லுன்னு வேற சொல்லணுமா?” என்றது ஆமை.

சின்னி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “கூட வர்றேன்னு இவருக்கு வாக்குக் குடுத்துட்டேன். இல்லேன்னா இந்நேரம் எங்கேயோ போயிருப்பேன்.”

துள்ளானை வெட்கம் பிடுங்கித் தின்றது. “மரத்துக்கு மேல என்னன்னு நீ சொல்ல வந்தியே, சின்னி. நான் கேட்டிருக்கணும். தப்பு என்மேலதான்.”

சத்தம் கேட்டுக் கரடியார் வந்தார். “இப்ப வந்து என்னடா பிரயோசனம்? பொந்தில ஒண்ணும் இல்லையே!”

“என் புதர்ல இருக்கு. நரிக்குக் குடுத்தது போக மிச்சம். சின்னி, அதைக் கொண்டு போய் மேல் பொந்தில போடு.”

சின்னி கண்ணை உருட்டினாள். “எல்லாத்தையுமா? அப்போ உனக்கு?”

“எல்லாருக்கும் எவ்வளவோ, எனக்கும் அவ்வளவு.”

 கரடியார் மூக்கை உறிஞ்சினார். இருமலோ என்று பயந்து எல்லாரும் ஒரு வாய்க்கால் தூரம் பின்னால் நகர்ந்தார்கள்!

அந்தக் குவியல் வெகுநாள் வராது என்பது துள்ளானுக்குத் தெரியும். அவன் யானைத் தலைவரிடம் போனான்.

“ஐயா, இருமல் இல்லாதவங்க மட்டும் ஆடுறோம். பாக்க யாரும் வர வேண்டாம். மைனா உச்சிக் கிளையில உக்காந்து ஆட்டத்தைச் சத்தமாச் சொல்லட்டும். அவங்கவங்க கூட்டிலிருந்தே கேட்டுக்குவாங்க.”

யானை நெடுநேரம் காதை ஆட்டி யோசித்தது. நோய் சற்றுத் தணிந்ததும் சரி என்றது.

மலைக்காட்டு அணியோடு ஆட்டம். கோரையன்தான் எதிரே நின்றான். பாறையில் ஒரு தலை இல்லை. கிளையில் ஒரு சிறகு இல்லை. சின்னி ஓரமாக ஓடிப் பந்தைக் கொடுத்தாள். துள்ளான் அடித்தான். கோல்!

ஒரு சத்தமும் இல்லை. துள்ளான் களத்தின் நடுவே நின்று சுற்றுமுற்றும் பார்த்தான். கோல் போட்டால் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை. 

அப்போது மேலே மைனா தொண்டை கிழியக் கத்தியது. “கோ…ல்! சின்னி குடுத்தா, துள்ளான் அடிச்சான்!”

ஒரு கணம் கழித்து, எங்கோ தூரத்துப் புதரிலிருந்து ஒரு கூவல் வந்தது. அதன் பின் ஒரு வளையிலிருந்து வந்தது. அப்புறம் மலை அடிவாரம், ஆற்றங்கரை, மூங்கில் காடு என்று நாலா பக்கமிருந்தும் கூச்சல் எழுந்தது. மறுநாள் காலையில் ஒருவர் போனபின் ஒருவராக வந்து மேல் பொந்தில் போட்டுவிட்டுப் போனார்கள். முன்பு வந்ததில் கால்வாசிகூட இல்லை. ஆனால் அணியிலிருந்து ஒருவரும் வெளியே போகவில்லை. இருமல் ஓய்கிறவரை துள்ளானும் சின்னியைப் போல ஒரு கைப்பிடியைத்தான் தின்றான், அதுவும் யார் போட்டதோ என்று ஒவ்வொரு மணியையும் உற்றுப் பார்த்துப் பார்த்துத் தின்றான்.

ஆகவே, நம் பங்கு யார் கையிலிருந்து வருகிறது என்று அறிந்துகொள்ள வேண்டும். நல்ல காலத்தில் பெரும் பங்கு வாங்கியவர், கெட்ட காலத்தில் முதல் ஆளாக விட்டுக்கொடுக்க வேண்டும்.