'அன்' ஒட்டாத சொல்

முன்பொரு காலத்தில், வெள்ளைக்காரர்கள் மரக்கலம் ஏறி வந்து மிளகுக்கும் ஏலக்காய்க்கும் பேரம் பேசிக்கொண்டிருந்த நாளில், மலையடிவாரத்து நாடு ஒன்றை ரணசூரன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒன்று பிடித்துப்போய்விட்டால், ஊரே சலித்துப்போகும்வரை அதை விடமாட்டார். ஒரு வருஷம் புறா வளர்த்தார். அடுத்த வருஷம் சதுரங்கம். அதற்கடுத்த வருஷம் அவரைப் பிடித்துக்கொண்டது ஆங்கிலம்.

மிளகு வாங்க வந்த வெள்ளை வணிகர் ஒருவருக்கு அரண்மனையில் விருந்து நடந்தது. அவர் பேசுவதை ராஜாவுக்கும், ராஜா பேசுவதை அவருக்கும் மாற்றிச் சொன்னவர் துபாஷி ஆதிகேசவன். அந்த நாட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். விருந்து முடிந்து வணிகர் போனபின், "அவர்கள் பாஷையில் சொற்களை எப்படித்தான் உண்டாக்குகிறார்கள்?" என்று ராஜா கேட்டார்.

"துண்டு துண்டாக ஒட்டுவார்கள், மகாராஜா" என்றார் துபாஷி. "டை என்றால் கட்டு. அதன் முன்னால் 'அன்' ஒட்டினால் அன்டை. அவிழ் என்று பொருள். முன்னால் 'ரீ' வந்தால் மறுபடியும் செய் என்று அர்த்தம். வாலில் 'லெஸ்' வந்தால் இல்லை. 'ஃபுல்' வந்தால் நிறைய. சிங் என்றால் பாடு. வாலில் 'அர்' ஒட்டி சிங்கர் என்றால் பாடுகிறவர்."

ராஜா சொக்கிப்போனார். சபையில் விகடம் பேசி எல்லாரையும் சிரிக்கவைப்பவன் குழைக்காதன். அவன் கடைசி வரிசையில் இருந்து எழுந்தான்.

"மகாராஜா, 'அர்' போட்டால் செய்கிறவர் என்பது புதிதா? நம் உழவரும் தச்சரும் கொல்லரும் எந்தக் கப்பலில் வந்து இறங்கினார்கள்?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சபையும் சிரித்தது. தம் வாழ்நாளில் முதல்முறையாக ராஜாவுக்குப் பாடம் சொல்லும் பெருமை கிடைத்த துபாஷிக்கு மட்டும் முகம் சுண்டிப்போயிற்று.

மறுநாள் முதல் அரண்மனை பட்ட பாடு கொஞ்சமில்லை. தோசை பிடித்திருந்தால் ராஜா "ரீதோசை" என்பார். வழுக்கைத் தலைப் பொக்கிஷதாரரை "வாரும், முடிலெஸ்" என்று கூப்பிட்டார். தொந்தி பெருத்த தளபதி "வயிறுஃபுல்" ஆனார். ராணியார் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வாசலில் நின்று "அன்கோபம், அன்கோபம்" என்று கெஞ்சினார். குழைக்காதனுக்கு இதெல்லாம் நல்ல வேடிக்கையாக இருந்தது. தன் தலைமேல் வந்து விழும்வரை.

ஒருநாள் சபையில் துபாஷி பணிவாக எழுந்து நின்றார்.

"மகாராஜா, ஆங்கிலத்தின் முழு மகிமையை நான் இன்னும் சொல்லவில்லை. 'அன்' எந்தச் சொல்லுக்கும் முன்னால் ஒட்டும். ஒட்டினால், நடந்த காரியம் நடக்காததாக ஆகிவிடும். விருந்தில் அந்த வணிகர் இலையோரம் காயை ஒதுக்கிவிட்டு 'அன்குக்ட்' என்றாரே, நினைவிருக்கிறதா? குக் என்றால் சமை. அன்குக் என்றால் சமைத்ததைப் பச்சையாக்கு. அவர்கள் நாட்டில் வெந்த சோற்றைத் திரும்ப அரிசியாக்குகிறார்கள்."

"நிஜமாகவா?" என்றார் ராஜா. அவர் கண்கள் விரிந்துவிட்டன.

"எனக்குச் சொல் தெரியும், மகாராஜா. செய்துகாட்ட, பாஷையின் சூட்சுமம் அறிந்த புத்திசாலி வேண்டும். உழவரையும் தச்சரையும் ஒரு நொடியில் கண்டுபிடித்த குழைக்காதரை விட்டால் வேறு யார்?"

பொறாமைக்காரர்கள் நாலு பேர் உடனே தலையாட்டினார்கள். ராஜாவின் உத்தரவு அங்கேயே பிறந்துவிட்டது. "குழைக்காதரே, நாளைக் காலை சபையில் ஒரு பானைச் சோற்றை நீர் அரிசியாக்கிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் நம்மைச் சிரிக்கவைத்தது போதும். வேறு நாட்டுக்குப் போய்ச் சிரிக்கவையும்."

குழைக்காதன் அன்றைக்குத்தான் ஒரு விகடமும் தோன்றாமல் வீட்டுக்கு நடந்தான். விஷயத்தைக் கேட்ட அவன் மனைவி செண்பகவல்லி, உள்ளே போய்ப் பாத்திரங்களை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

"என்ன பண்ற?"

"ஊரை விட்டுப் போறதுன்னா சும்மாவா? இந்த நார்த்தங்கா ஜாடியைத் தூக்கிட்டு எப்படி மலையேறுறதுன்னு பாக்கறேன். ஊறுகா இன்னும் பதத்துக்கு வரலை."

"நாளைக்கு என்னையே நாடு கடத்தப் போறாங்க. நீ ஊறுகாயைப் பத்திப் பேசற."

அவள் ஜாடியின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பிறகு கேட்டாள். "அந்த அன்னுங்கறது எல்லாத்துக்கும் முன்னாடி ஒட்டுமாமா?"

"ஒட்டும்னுதான் துபாஷி சொல்றார்."

"எல்லாத்துக்குமா? சபையிலேயே வெச்சா சொன்னார்? தைரியமான மனுஷன்தான்."

குழைக்காதன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு எழுந்து போய், ஜாடியைத் தூக்கிப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, சாப்பாடு போடச் சொன்னான்.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. நடுவில் ஆவி பறக்க ஒரு பானைச் சோறு. குழைக்காதன் அதை ஒருமுறை சுற்றி வந்து, ராஜாவை வணங்கினான்.

"மகாராஜா, தொடங்குமுன் விதியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். துபாஷியாரே, 'அன்' எந்தச் சொல்லுக்கும் ஒட்டும் என்றீர்."

"எந்தச் சொல்லுக்கும்."

"ஒட்டாத சொல் ஏதாவது இருந்துவிட்டால்?"

"இருந்தால் உம்மை விட்டுவிடச் சொல்லி நானே மகாராஜாவிடம் கேட்கிறேன்" என்றார் துபாஷி, சிரித்துக்கொண்டே.

ராஜா தலையசைத்தார். "நியாயம்தான். நடக்கட்டும்."

"அப்படியென்றால் நான் கேட்கிறேன். நீர் ஒட்டிக்கொண்டே வாரும். பூட்டு?"

"லாக். அன்லாக்."

"மடி?"

"ஃபோல்ட். அன்ஃபோல்ட்."

"மூடு?"

"கவர். அன்கவர்." துபாஷிக்கு உற்சாகம் வந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"ராஜா?"

"கிங். அன்..."

துபாஷியின் வாய் திறந்தபடியே நின்றது. மேலே சொன்னால் ராஜாவை ராஜா இல்லாமல் ஆக்கியதாகும். அதுவும் ராஜா முன்னிலையில், வாயால். அரியணையருகில் நின்ற காவலாள், ஈட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"சொல்லும், துபாஷியாரே" என்றார் ராஜா. "நானும் காத்திருக்கிறேன்."

"மகாராஜா... அந்தச் சொல்லுக்கு ஒட்டாது."

"ஏன் ஒட்டாது?" என்று குழைக்காதன் வருத்தமாகக் கேட்டான். "பசை காய்ந்துவிட்டதா?"

"ஒட்டவே ஒட்டாது. கிட்டேயே போகாது."

"போகட்டும். ராணியார்?"

"ஐயோ, ஒட்டாது."

"தளபதி?"

தளபதி தொந்தியைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுத்து வாள்மேல் வைத்தார். "அவருக்கும் ஒட்டாது" என்றார் துபாஷி அவசரமாக.

"துபாஷி என்ற சொல்லுக்கு?"

"அதற்குச் சுத்தமாக ஒட்டாது."

குழைக்காதன் ராஜா பக்கம் திரும்பினான். "மகாராஜா, பூட்டுக்கும் மடிப்புக்கும் ஒட்டுகிறது. இந்தச் சபையில் உட்கார்ந்திருப்பவர் யாருக்கும் ஒட்டமாட்டேன் என்கிறது. ஆள் பார்த்து ஒட்டுகிற துண்டை நம்பி நான் எப்படிச் சோற்றில் கைவைப்பது? சோறும் 'எனக்கும் ஒட்டாது' என்றால், நான் அதனிடம் ஏன் என்று கேட்க முடியுமா?"

ராஜாவின் மீசை துடித்தது. ஆனாலும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "இருக்கட்டும். அந்த வணிகர் காயைப் பார்த்து அன்குக்ட் என்று சொன்னது பொய்யில்லையே? என் காதால் கேட்டேன்."

குழைக்காதன் மடைப்பள்ளித் தலைவர் நின்ற பக்கம் பார்த்தான். "ஐயா, அன்றைக்கு என்ன காய்?"

மடைப்பள்ளித் தலைவர் முன்னால் வந்தார். "அவரைக்காய்."

"வெந்து, பிறகு பச்சையானதா?"

"இல்லீங்க. வேகவே இல்லை. விருந்தாளி பசிக்குதுன்னு சொல்லி அவசரப்படுத்தினாங்க. அரைகுறையா இறக்கிட்டேன்."

"கேட்டீர்களா, மகாராஜா? அவிழ்த்த முடிச்சு ஒரு காலத்தில் கட்டிய முடிச்சு. ஆனால் வேகாத காய் எந்தக் காலத்திலும் வெந்த காய் இல்லை. துண்டு ஒன்றுதான், ஒரு இடத்தில் செய்ததைக் கலைக்கிறது, இன்னொரு இடத்தில் செய்யவே இல்லை என்கிறது. பாவம் அந்த வணிகர். நம் சமையலைக் குறை சொன்னார். நாம் அதை மந்திரம் என்று நினைத்துவிட்டோம்."

அதற்குமேல் ராஜாவால் முடியவில்லை. அரியணையின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கிரீடம் சரிந்து காதில் மாட்டிக்கொண்டது. தளபதி சிரித்தார், பொக்கிஷதாரர் சிரித்தார், கடைசியில் வேறு வழி தெரியாமல் துபாஷியும் சிரித்தார்.

"துபாஷியாரை என்ன செய்யலாம்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே ராஜா கேட்டார்.

"ஒன்றும் செய்ய வேண்டாம், மகாராஜா. அடுத்த கப்பல் வந்தால் விலை பேச ஆள் வேண்டாமா? அவருக்குத் தெரிந்ததெல்லாம் சரிதான். எங்கே நிறுத்துவது என்பதுதான் தெரியவில்லை."

துபாஷி தலையைக் குனிந்துகொண்டார். குழைக்காதனைப் பார்த்து ஒருமுறை கைகூப்பினார்.

ராஜா தம் தோளில் இருந்த சரிகைப் பட்டுச் சால்வையை எடுத்துக் குழைக்காதனுக்குப் போர்த்தினார். ஒரு ஜோடி மயிலைக் காளையையும் வாசலுக்கு ஓட்டிவரச் செய்தார். "இது நான் கொடுப்பது. நீராக ஒன்று கேளும்."

குழைக்காதன் கொஞ்சம் யோசித்தான்.

"பொங்கல் முடியும்வரை யாரும் என்னை எந்தப் பாஷையிலும் கூப்பிடக் கூடாது, மகாராஜா. நான் தூங்க வேண்டும்."

ராஜா மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் குழைக்காதன் காளைகளைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டான்.