கரையிலிருந்து எடுத்த கற்கள்

இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஓர் ஆமை. பல வருடங்களாக நான் இதை முழுவதும் நம்பவில்லை. ஆமை பொய் சொன்னது என்று நினைக்கவில்லை. ஆனாலும் கதையில் ஓர் இடம் உறுத்திக்கொண்டே இருந்தது. அது எந்த இடம் என்று எனக்கே வெகுகாலம் பிடிபடவில்லை. முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

காட்டின் நடுவே ஓர் ஏரி. அதற்கு நீண்ட மண்கரை. அலை மண்ணை அரித்துவிடாமல் இருக்க, கரையின் உள்பக்கம் முழுக்கக் கல் பதித்திருந்தது. கரையின் ஒரு கோடியில் மருதமரம். மறு கோடியில் நாவல்மரம்.

ஏரிக்கு ஒரு தலைமை உண்டு. யார் எங்கே மீன் பிடிக்கலாம், யார் எங்கே கூடு கட்டலாம், கரையில் எங்கே கசிகிறது என்றெல்லாம் பார்ப்பது தலைவரின் வேலை. வருடத்துக்கு ஒரு தேர்தல். ஒவ்வொரு பிராணியும் கரையிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்து எடுத்துவரும். தனக்குப் பிடித்த வேட்பாளரின் மரத்தடியில் போடும். எந்தக் குவியலில் கல் அதிகமோ, அவர் தலைவர். மீன்களுக்கு ஓட்டு இல்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

எண்ணி முடித்ததும் இன்னொரு வழக்கம் உண்டு. ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே கல்லை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப்போய்க் கரையில் வைப்பார்கள். அதைப் பார்த்த பிறகு எல்லோரும் தங்கள் கற்களைத் திரும்ப வைப்பார்கள். பொழுது சாய்வதற்குள் கரை பழையபடி ஆகிவிடும்.

ஒரு வருடம் நாரையும் நீர்நாயும் போட்டியிட்டன. நாரைக்கு மருதமரம். நீர்நாய்க்கு நாவல்மரம்.

"உயரத்தில் நின்று பார்க்கிறவனுக்குத்தான் ஆபத்து தெரியும்!" என்றது நாரை.

"ஆபத்து வந்தால் பறந்துபோகிறவன்தானே நீ!" என்றது நீர்நாய். "முங்கிக் குளிக்கத் தெரியாதவனுக்கு ஏரி எதற்கு?"

எண்ணிப் பார்த்தார்கள். ஒரே ஒரு கல் வித்தியாசத்தில் நாரை ஜெயித்தது.

"திரும்ப எண்ணு!" என்று கத்தியது நீர்நாய். திரும்ப எண்ணினார்கள். அதே கணக்குத்தான் வந்தது.

"வா தம்பி, முதல் கல்லைத் தூக்கலாம்" என்று நாரை கூப்பிட்டது.

"நான் தோற்கவே இல்லை! தோற்காதவன் எதற்குக் கல் தூக்க வேண்டும்? என் குவியல் இங்கேயே இருக்கும். அதுதான் எனக்குச் சாட்சி!"

நாரையின் கழுத்து விறைத்தது. "அப்படியா சேதி? உன் சாட்சி இருக்கும், என் சாட்சி மட்டும் கரைக்குப் போகணுமா? நாளைக்கே நீதான் ஜெயித்தாய் என்று சொல்லித் திரிவாய்! என் குவியலும் இங்கேயே இருக்கட்டும்!"

இரண்டு பக்கமும் தவளைகள் காவலுக்கு உட்கார்ந்தன. கற்கள் குவியலிலேயே கிடந்தன.

அந்த வருடம் மழை பொய்த்தது. ஏரியில் பாதித் தண்ணீர்கூட இல்லை. கரைக்கு வேலையே வரவில்லை. "கல் இல்லாமலும் கரை நிற்கத்தான் செய்கிறது!" என்று தவளைகள் பேசிக்கொண்டன. முதலில் பயந்தவர்கள்கூட, அதைக் கேட்டுக் கேட்டு, நாளாக ஆக, பயத்தை மறந்துபோனார்கள்.

அடுத்த தேர்தலிலும் அதே இருவர்தான். போன தடவை விட்ட கணக்கைத் தீர்க்க வேண்டும் என்பதைத் தவிர ஏரியில் வேறு பேச்சே இல்லை.

"ஒற்றைக் கல்லில் தப்பித்த ஒற்றைக் காலனே! இந்தத் தடவை இரண்டு காலையும் ஊன்றிக்கொள்!" என்று நாவல்மரத்துத் தவளைகள் கத்தின.

"மீசை நனைந்தவனெல்லாம் வீரனாகிவிடுவானா?" என்று மருதமரத்துத் தவளைகள் பதிலுக்குக் கத்தின.

போன தேர்தலின் கல் இந்தத் தேர்தலில் செல்லாது. ஆகவே எல்லோரும் மறுபடியும் கரைக்குப் போனார்கள். மறுபடியும் ஆளுக்கொரு கல்லைப் பெயர்த்தார்கள். கரை இப்போது பல் விழுந்த வாயைப் போல இருந்தது.

எனக்குக் கதை சொன்ன ஆமை அப்போதுதான் முட்டையிட்டிருந்தது. கரையின் வெளிச்சரிவில், மருதமரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், குழி தோண்டி இட்டு மூடியிருந்தது. ஆமை நாரையின் ஆள். அதற்குக் காரணமும் இருந்தது. முந்தின வருடம் அதன் முட்டைகளைக் கிளற வந்த கீரியை நாரைதான் கொத்தி விரட்டியது. அந்த நன்றியை ஆமை மறக்கவில்லை. குழிக்கு நேர் மேலே, கரையின் உள்பக்கம் இருந்த கல்லைப் பெயர்த்துக்கொண்டுபோய் நாரையின் குவியலில் போட்டது.

எண்ணினார்கள். இந்தத் தடவை ஒரே ஒரு கல் வித்தியாசத்தில் நீர்நாய் ஜெயித்தது.

"திரும்ப எண்ணு!" என்று நாரை கத்தியது.

"வாங்க அண்ணே, முதல் கல்லைத் தூக்கலாம்" என்று நீர்நாய் இளித்தது.

"நான் தோற்கவே இல்லை!" என்றது நாரை.

அந்த வார்த்தையை முதலில் சொன்னது யார் என்று அங்கே ஒருவருக்கும் நினைவில்லை. மரத்துக்கு இரண்டாக, இப்போது நான்கு குவியல்கள்.

பிறகு மழை வந்தது. விடாமல் பெய்தது. ஏரி ஏறிக்கொண்டே வந்தது. ஒரு நாள் ஆமை முட்டைக்குழியைத் தொட்டுப் பார்த்தது. மண் ஈரமாக இருந்தது. மேலிருந்து ஊறும் ஈரம் அல்ல, உள்ளிருந்து கசியும் ஈரம். முட்டைகளை வேறு இடத்துக்கு மாற்றவும் வழியில்லை. இட்ட முட்டையைப் புரட்டினால் உள்ளே குஞ்சு செத்துப்போகும்.

ஆமை நாரையிடம் ஓடியது. ஆமையால் ஓட முடிந்த அளவுக்கு ஓடியது.

"அண்ணே! கரை கசியுது. என் பிள்ளைகள் உள்ளே இருக்கு. கல்லை வைக்கச் சொல்லுங்க!"

"கரை கசியணும் என்று எனக்கு மட்டும் ஆசையா, அக்கா?" என்றது நாரை. "நான் எடுத்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பான். அவனை முதலில் எடுக்கச் சொல்லுங்க. அவன் ஒன்று எடுத்தால் நான் இரண்டு எடுக்கிறேன்!"

ஆமைக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

நீர்நாய் அந்தப் பக்கமாக நீந்தி வந்தது. ஆமை கரையிலிருந்தே கூப்பிட்டது.

"தம்பி! நீதானே இப்போது தலைவர்! கல்லை வைக்கச் சொல்லப்பா!"

"தலைவர் என்று நீ சொல்கிறாய், அக்கா. உங்கள் நெட்டைக்காலர் சொல்லவில்லையே! ஒரு தடவை அவர் வாயால் சொல்லட்டும். மறுநிமிஷம் நானே சுமக்கிறேன்!" நீர்நாய் முங்கி மறைந்தது.

மறுநாள் விடிந்ததும் ஆமை தானே கிளம்பியது. ஒரு கல், ஒரே ஒரு கல்லை எடுத்து வந்து, தன் குழிக்கு மேலே இருந்த பள்ளத்தை அடைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் அதற்கு வேண்டியது.

"நடந்தேன், நடந்தேன், அப்படி நடந்தேன்" என்று ஆமை சொல்லும். "மழையில் விழுந்த பழமெல்லாம் காலில் நசுங்கி வழுக்கியது. குவியலுக்குப் போய்ச் சேரும்போது உச்சிப்பொழுது. ஒரு கல்லை வாயால் கவ்வினேன். தவளைகள் பார்த்துவிட்டன."

"திருடி! ஓட்டுத் திருடி!"

"ஐயா, என் பிள்ளைகளுக்காக ஒரே ஒரு கல்!"

"இன்றைக்கு ஒரு கல், நாளைக்குப் பதவியா? புரட்டிப் போடு அவளை!"

தவளைகள் ஒன்றுகூடி ஆமையை மல்லாக்கத் தள்ளின. கல்லைப் பிடுங்கிக் குவியலில் போட்டன. குறையவில்லையே என்று குவியலை முழுவதும் எண்ணிப் பார்த்தன. அவை எண்ணி முடிக்கும்போது ஆமை காலை உதைத்து உதைத்து ஒருவழியாகப் புரண்டு எழுந்தது. அப்போதுதான் கரையில் வெகு தூரத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

கரை உடைந்துவிட்டது.

ஆமை திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது முட்டைக்குழி இருந்த இடத்தில் குழி இல்லை. சரிவு இல்லை. கரையே இல்லை. தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. எதைத் தேடுவது என்று தெரியாமல் ஆமை அங்கேயே நின்றது. பொழுது சாய்ந்த பிறகும் நின்றது.

ஏரி வடிந்தது. மீன்கள் சேற்றில் துடித்தன. நாரைக்குக் கொஞ்ச நாள் நல்ல சாப்பாடு. பிறகு அதுவும் பறந்துபோயிற்று. நீர்நாய் வேறு தண்ணீர் தேடி நடந்தது. தவளைகளின் சத்தம் அடங்கியது. மரத்தடிக் குவியல்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. ஒரு கல் குறையவில்லை. நாரையின் புதுக் குவியலைவிட நீர்நாயின் புதுக் குவியலில் ஒரு கல் அதிகம். இன்றும் போய் எண்ணிப் பார்க்கலாம்.

"என்னால் ஆனதை நான் செய்தேன்" என்றுதான் ஆமை ஒவ்வொரு தடவையும் கதையை முடிக்கும். நானும் தலையாட்டுவேன். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு ஜீவனிடம் வேறென்ன செய்வது?

சமீபத்தில் அந்த ஏரிக்குப் போயிருந்தேன். கரை உடைந்த இடத்தில் நின்றேன். மருதமரம் இதோ, கிட்டத்தில் நிற்கிறது. அடியில் நாரையின் குவியல்கள். ஆமை நடையிலும் அரை நாள் ஆகாது. பிறகு நாவல்மரத்துக்கு நடந்தேன். எனக்கே மூச்சு வாங்கியது. மரத்தடியெல்லாம் பழம் உதிர்ந்து கிடந்தது. செருப்பில் நசுங்கி வழுக்கியது. இத்தனை வருடம் உறுத்திய இடம் எது என்று அப்போது தெரிந்தது.

கேட்கலாமா கூடாதா என்று வழியெல்லாம் யோசித்தேன். கேட்டு என்ன ஆகப்போகிறது? போன முட்டை போனதுதான். அந்த இடத்தில் நான் இருந்தாலும் எந்தப் பக்கம் நடந்திருப்பேனோ. ஆனால் கேட்காமல் இந்தக் கதையை யாருக்கும் சொல்ல முடியாது என்று பட்டது. ஏனென்றால் கதையின் நீதி அதில்தான் இருக்கிறது: பொதுக்கரையைக் காக்க வேண்டுமென்றால், முதல் கல்லை அவரவர் தம் குவியலிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஆமை வெயிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டேன்:

"அக்கா, உன் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே நாரையின் கல் அத்தனை கிடந்ததே. அன்றைக்கு நீ ஏன் நாவல்மரம் வரைக்கும் நடந்தாய்?"