ஒளிவு மறைவு இல்லாத தவளை

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டின் பாதியை மழைக்காடு ஆண்டது. மீதியை வீரகேது ராஜா ஆண்டார். காடு ஓரளவு நியாயமாக நடந்துகொண்டது.

அந்தக் காட்டில் தேனெடுக்கும் வெள்ளச்சி ஒருநாள் ஒரு தவளையை இலையோடு கொண்டுவந்து காணிக்கையாக வைத்தாள். கட்டைவிரல் நுனி அளவுதான் இருந்தது. இலையைத் தூக்கி அடியிலிருந்து பார்த்தால் வயிறு கண்ணாடி. உள்ளே இதயம் துடிப்பது தெரிந்தது.

"அடடா! இத்தனை வருடத்தில் இந்த அவையில் ஒருவருடைய இதயத்தையும் நான் பார்த்ததில்லையே!" என்றார் ராஜா.

"இருக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும், மகாராஜா" என்றார் மந்திரி மங்கைபாகர்.

ராஜா சிரிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்று மங்கைபாகருக்குத் தோன்றியது. வழக்கம்போல் தாமதமாகத் தோன்றியது.

மறுநாள் உச்சிவேளையில் அவை கூடியபோது, அவையோரில் ஒருவரான அம்பலவாணர் எழுந்து நின்றார். மந்திரி ஆசனத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குப் பெருமூச்சு வரும்.

"ஒளிவு மறைவு இல்லாத பிராணி, மகாராஜா. வஞ்சகன் எதிரே நின்றால் இதன் வயிறு சிவந்துவிடுமாம். காட்டு ஜனங்கள் சொல்கிறார்கள். முதலில் நானே நிற்கிறேன்."

நின்றார். தவளை பளிங்காகக் கிடந்தது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார்.

அடுத்து மங்கைபாகர். அம்பலவாணர் மிகுந்த மரியாதையோடு இலையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையின் மோதிரம் காம்பில் ஒரு சுண்டு சுண்டியது. தவளை கண் திறந்தது. வெற்றிலை போட்ட வாய்போல அதன் வயிறு மெல்லச் சிவந்தது.

"மங்கைபாகரே, பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டிவிடும்!" என்று ராஜா கத்தினார்.

மோதிரத்தை மங்கைபாகர் பார்த்துவிட்டார். சொன்னால் யார் நம்புவார்கள்? மாட்டிக்கொண்டவன் ஏதாவது சொல்லத்தான் செய்வான்.

"உத்தரவு, மகாராஜா. ஒரே ஒரு குறை. தாங்களும் ஒருமுறை தவளை முன் நின்றால், அப்பழுக்கில்லாத ஒரு மனசைக் கண்ணாரக் கண்டுவிட்டுப் போவேன்."

ராஜாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. எழுந்தார். தவளை கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வயிறு செக்கச்செவேல்.

"வேண்டாம் மகாராஜா!" என்றார் அம்பலவாணர். "இப்போது வேண்டாம். கொஞ்சம் கழித்து..."

"ஏன் ஐயா, மகாராஜாவின் நேர்மைக்கு ராகுகாலம் பார்க்க வேண்டுமோ?" என்றார் மங்கைபாகர்.

ராஜா இரண்டடி வைத்தார்.

"ஐயோ, அது விழித்திருக்கிறது!" அம்பலவாணர் அலறினார். "விழித்திருந்தால் யார் நின்றாலும் சிவப்புதான்! தூங்கும்போதுதான் ரத்தத்தையெல்லாம் ஈரலுக்குள் பதுக்கிக்கொள்ளும்!"

ராஜா அம்பலவாணர் பக்கம் திரும்பினார்.

"உமக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானுங்க சொன்னேன்" என்றாள் அவை ஓரத்தில் நின்றிருந்த வெள்ளச்சி. "நேத்து சாயங்காலம் வந்து துருவித் துருவிக் கேட்டாருங்க. சிவக்கறதுக்கும் வஞ்சகத்துக்கும் என்னங்க சம்பந்தம்? நாங்க அப்படியெல்லாம் சொல்றதில்லீங்க."

ராஜா யோசித்தார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அவை காத்திருந்தது.

"அப்படியானால், பளிங்காக இருந்தபோதுதான் அது பதுக்கிக்கொண்டிருந்ததா?"

"அனேகமாக முழுவதையும், மகாராஜா" என்றார் மங்கைபாகர். "நம் அம்பலவாணரும் அதே முறையில்தான் தெளிவாக இருந்தார்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். முத்துமாலை கழுத்து மாறியது. நாடுகடத்தும் உத்தரவு ரத்தானது. பிறகு வெள்ளச்சியிடம் கேட்டார்: "இந்த ஜாதியில் முட்டைக்குக் காவல் யார்?"

"ஆண் தவளைங்க. ஓடைக்கு மேல இலையில முட்டை ஒட்டிக்கிட்டிருக்கும். குஞ்சு பொரிச்சுத் தண்ணியில விழற வரைக்கும் ஈரம் காயாம பார்த்துக்கிட்டுக் கூடவே கிடக்கும்."

"நல்ல உத்தியோகம். அம்பலவாணரே, இன்றுமுதல் நீர் முட்டைக் காவல் அதிகாரி."

முத்திரை போட்ட ஓலையோடு அம்பலவாணர் காட்டுக்குப் போய், ஓடைக்கரையில் ஓர் இலைக்கு முகத்தை நீட்டி உட்கார்ந்தார். ஆண் தவளை ஏற்கெனவே பணியில் இருந்தது. ஒருநாள் பொறுத்தது. மறுநாள் அவர் மூக்கின்மேல் பாய்ந்தது.

"உன் இடத்துக்கு நான் ஆசைப்படவில்லை" என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இதே வாக்கியத்தை மங்கைபாகர் பல வருடம் நம்பியிருந்தார். தவளை நம்பவில்லை.